முதியோர் இல்லம் புகுமுன்



ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன், இராமானுசர் பிறந்த ஊர் என்பது என் போன்றோர்க்கு நினைவு வரும். மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் பிறக்கும் ஊர் என்பது உங்களுக்கு நினைவு வரும். இரண்டும் உண்மையே. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. 2024 ஆகஸ்டு மாதத்தில், வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க பெரிய விடுதி ஒன்று திறக்கப்பெற்றது. ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரம், நான் பார்த்திருக்கும்போதே இவ்வாறு மாறியது.

தொழில் பெருகின், ஊர் மட்டுமன்றிக் குடும்பமும் மாறும். தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வரும் இளையோர் இங்கு விடுதியில் தங்குகின்றனர். அவர்களைப் பெற்றோர் ஊரில் தனித்து நிற்கின்றனர். உள்ளூர்க் குடும்பங்களிலும் மகன் ஒரு ஷிப்டு, மருமகள் மற்றொரு ஷிப்டு என்றாகிவிட்டது. ஆகவே, ‘முதியோர் இல்லம்’ என்னும் பேச்சு இன்று பல வீடுகளில் எழுகின்றது. அதனைப் பற்றி உங்களிடம் ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாட்டனாரையோ பாட்டியாரையோ அங்கு அழைத்துச் செல்லும்போது உடன் செல்பவர் நீங்கள். படிவத்தைப் படித்துச் சொல்பவரும் நீங்களே.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. சென்னையில் 1782-ஆம் ஆண்டளவில், பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம், பின்னர் ஆதரவற்ற முதியோர்க்குப் புகலிடமாயிற்று. 1978-ஆம் ஆண்டில் சாவித்திரி வைத்தி அம்மையார் ஏழை முதியோர்க்கென ‘விச்ராந்தி’ இல்லத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் ஆதரவற்றவரே இல்லம் புகுந்தனர். இன்றோ, பிள்ளைகள் உள்ளவரும் புகுகின்றனர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்.

என் தமக்கையார் எண்பது வயதைத் தாண்டியவர். ஒரகடத்தை அடுத்த சிற்றூரில் மகன் வீட்டில் இருந்தார். ஒரு நாள் பகலில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரம் எழ இயலாது கிடந்தார். அது அன்பில்லாத வீடு அன்று. பகலில் ஆளில்லாத வீடு. உறவினர் கூடி, எந்த இல்லம், எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் பேசினோம். கேட்டுக்கொண்டிருந்த அவர், “தம்பி, எங்கே போவது என்பதைப் பிறகு பாருங்கள். போகிறாயா என்று என்னை இன்னும் ஒருவரும் கேட்கவில்லையே” என்றார். அதன்பின் அவரையே அழைத்துக்கொண்டு மூன்று இல்லங்களைப் பார்த்தோம். ஒன்றில் ஒரு மாதம் தங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். மாத முடிவில், தாமே அங்கு இருப்பதென முடிவு செய்தார். ஆகவே அறியவேண்டுவனவற்றுள் முதலாவது, செல்பவரின் இசைவு. முதியவர் அறிவும் உரிமையும் உடையவர். எடுத்து வைக்கும் பெட்டி அல்லர்.

இரண்டாவது, இல்லத்தின் வகை. நடமாடக்கூடியவர்க்கு மட்டும் இடந்தரும் இல்லங்கள் உண்டு. படுக்கையில் கிடப்பவரைப் பேணும் இல்லங்களும் உண்டு. இன்று நடப்பவர் நாளை நடக்க இயலாதவராயின் அங்கேயே வைத்துக்கொள்வார்களா, வேறிடம் தேடச் சொல்வார்களா என்பதை முன்னரே கேட்டல் வேண்டும். இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தலும் நன்று.

மூன்றாவது, நேரில் காணவேண்டியவை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? தரை வழுக்குமா? இரவில் எத்தனை பணியாளர் விழித்திருப்பர்? நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டு செல்வர்? முன்னறிவிப்பின்றி உணவு வேளையில் ஒரு முறை சென்று பாருங்கள். அங்கு வாழும் முதியவர் ஒருவரோடு, நிருவாகத்தார் அருகில் இல்லாதபோது பேசிப் பாருங்கள். அழகிய விளம்பரத்தாள் சொல்லாததை அவர் சொல்வார்.

நான்காவது, பணம். முன்பணம் எவ்வளவு? இடையில் வெளியேறினாலோ இறந்தாலோ அதில் எவ்வளவு திரும்பும்? மருந்து, தனி உதவியாளர், மருத்துவமனைச் செலவு ஆகியவை மாதக் கட்டணத்துள் அடங்குமா? இவையெல்லாம் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும். வெற்றுத்தாளில் முதியவர் கையொப்பம் இடலாகாது.

ஐந்தாவது, சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்திடம் முறையிடலாம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே அதன் தலைவர். தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணாதவிடத்து, செல்லாதென அறிவிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருத்தல் நலம். தம் பொறுப்பிலுள்ள முதியவரை முற்றிலும் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றம். உதவியோ அறிவுரையோ வேண்டுவோர், 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஆறாவது, உடன் கொண்டு செல்வன. மருந்துகளின் பெயரும் வேளையும் எழுதிய தாள், மூக்குக்கண்ணாடி, ஆதார் அட்டையின் நகல், நெருங்கிய இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவை தேவை. இவற்றோடு, அவர் பழகிய போர்வை, நாளும் பார்க்கும் படம், படிக்கும் நூல் ஆகியவற்றையும் மறவாதீர்கள். புதிய அறையில் முதல் இரவு உறக்கம் வருவதற்கு, மாத்திரையினும் பழைய போர்வை உதவுதல் உண்டு.

இளைஞர்களே, நாளை உங்களுள் சிலரும் வேலைநிமித்தம் விடுதி புகுவீர்கள். உணவு எப்படி, இரவில் துணை யார், வீட்டார் எப்போது வருவர் என்று உங்கள் பெற்றோர் உங்களுக்காகக் கேட்பர். அவ்வினாக்களையே உங்கள் வீட்டு முதியவர்க்காக நீங்கள் கேளுங்கள். இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்றும் சொல்லேன். எளிய வழி என்றும் சொல்லேன். சேர்த்தபின் செல்லாதிருப்பதுதான் கொடுமை. வார விடுமுறை எந்த நாளோ, அந்த நாளை அவர்க்கென வரையறுத்துக்கொள்ளுங்கள். வருவேன் என்று சொன்ன நாளில் தவறாது செல்லுங்கள். ஏனெனில், அவர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.