வாய்நீர் மருந்தும் வடநாட்டுக் கோடையும்

மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகள் சிலருக்கு வாய்நீர் ஓயாது வழியும். பெரும்பாலும் நீர் மிகுதியாய்ச் சுரப்பதால் அன்று. விழுங்குந் தசைகள் ஒத்துழையாமையால். இதற்கு மருத்துவர் எழுதித் தரும் திரவ மருந்துகளுள் ஒன்று கிளைகோபைரோலேட். சுரப்பிகளுக்கு நரம்பு விடுக்கும் ஏவலை அது தடுக்கிறது.

அதே ஏவல்தான் வியர்வையையும் சுரக்கச் செய்வது. வியர்வை குன்றினால் உடற்சூடு தணிய வழியேது? தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்து அனற்காற்றில் வாழும் நம்மவர் இதனை மறத்தலாகாது. சென்னைக் கோடையைத் தாங்கிய பிள்ளைதானே என்று வாளாவிருத்தல் கூடாது. நண்பகலில் குழந்தையை வெளியே கொண்டுசெல்லாதீர்கள். தோல் வறண்டு சிவந்து உடல் கொதித்தால், குளிர்ந்த இடத்திற்குக் கொணர்ந்து, ஈரத்துணியால் துடைத்து, உடனே மருத்துவரை நாடுங்கள். அவரைக் கேளாமல் அடுத்த வேளை மருந்து வேண்டா.

சமையற்கரண்டி இதற்கு அளவாகாது. மில்லி லிட்டர் கோடிட்ட, ஊசியற்ற குழலே ஏற்றது. புட்டிக்குப் புட்டி மருந்தின் செறிவு வேறுபடலாம். ஊர் மாறிப் புதுக்கடையில் வாங்குவோர் பழைய புட்டியையும் உடன் கொண்டுசென்று ஒப்பிடுக.

உணவுக்கு 1 மணி நேரம் முன்போ, 2 மணி நேரம் பின்போ புகட்டுக. நெய்ச்சோற்றோடு கொடுத்தால் மருந்து உடலிற் சரிவரச் சேராது. முதல் நான்கைந்து நாட்களில் மலச்சிக்கல் தோன்றுகிறதா, சிறுநீர் தடைப்படுகிறதா என்று நோக்குக. பேசவியலாக் குழந்தைக்காகத் தாய்தான் பேசவேண்டும். இந்தி மருத்துவரிடம் ‘கப்ஜ்’ என்றால் மலச்சிக்கல், ‘பேஷாப்’ சிறுநீர், ‘பஸீனா’ வியர்வை.