கரு எங்கே தங்கியிருக்கிறது?

நாள் தள்ளிப்போய், மருந்துக்கடையில் வாங்கிய கார்டில் இரண்டு கோடு விழுந்துவிட்டால், கரு தரித்திருக்கிறது என்று பொருள். அந்தக் கரு எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்பது கார்டுக்குத் தெரியாது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் அது கருப்பைக்கு வெளியே ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கருக்குழாயில்தான். கருப்பை பிள்ளைக்கு ஏற்ப விரிந்து கொடுக்கும். மெல்லிய குழாயால் அது முடியாது.

கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் ஆறு, எட்டு வாரத்தில் பெரும்பாலும் தொந்தரவு தொடங்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுதல். இந்த 'கொஞ்சம்' நம்மை ஏமாற்றிவிடும். குழாய் வெடித்தால் ரத்தம் பெரும்பாலும் வயிற்றுக்குள்தான் தேங்கும், வெளியே அவ்வளவாகத் தெரியாது. தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது தோள்பட்டை நுனியில் வலிக்கும். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பதற்கு அது நேரமல்ல. நாள் தள்ளிய பெண்ணுக்குத் தோள் வலித்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

இது யாருக்கு வரும்? முன்பு குழாயில் கிருமித்தொற்று இருந்தவர்கள், குழாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஏற்கெனவே ஒருமுறை இப்படி ஆனவர்கள், புகைப்பவர்கள், சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவர்கள். ஆனால் பாதிப் பேருக்கு இதில் எதுவுமே இருப்பதில்லை. பஸ்ஸில் போனது, குடம் தூக்கியது, பப்பாளி தின்றது என்று வீட்டில் தேடும் காரணங்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டு தரப்பினரிடம் தனியாகப் பேச வேண்டும். முதலாவது, குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நம் மாநிலத்தில் இவர்கள் மிக அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு கரு தரிப்பது அபூர்வம், ஆனால் தரித்துவிட்டால் குழாயில் தங்கும் வாய்ப்பு கூடுதல். 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆபரேஷனுக்குப் பின் கருவுற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கரு கருப்பைக்கு வெளியே இருந்தது. "எனக்குத்தான் கட்டிப்போட்டாச்சே" என்று நாள் தள்ளியதையே கவனிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ஸ்கேன் பார்க்காமல் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள். அந்த மாத்திரை கருப்பைக்குள் இருக்கும் கருவுக்கானது, குழாயில் இருப்பதை அது கலைக்காது. இருந்தாலும் ரத்தப்போக்கு வரும், கலைந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். குழாயிலோ கரு வளர்ந்துகொண்டே இருக்கும். இதைவிடப் பொல்லாத நிம்மதி வேறில்லை.

கண்டுபிடிக்கப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் முக்கியம். அதில் தெளிவாகத் தெரியாவிட்டால், பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளந்து, 48 மணி நேரம் கழித்து மறுபடியும் அளப்பார்கள். "நேற்றுமுன்தினம்தானே ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எதற்குச் செலவு?" என்று கோபம் வருவது இயல்பு. ஒற்றை அளவை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. நல்ல கர்ப்பத்தின் தொடக்க நாட்களில் பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தில் அளவு குறைந்தது பாதியளவாவது கூடியிருக்கும். ஏற்றம் அதைவிட மந்தமாக இருந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வலுக்கும்.

குழாயில் தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. குழாய் வெடிக்காமல், கருவுக்கு இதயத்துடிப்பு இல்லாமல், ஹார்மோன் அளவும் குறைவாக இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடலாம். நான்காம் நாளும் ஏழாம் நாளும் ரத்தப் பரிசோதனை, பிறகு ஹார்மோன் அளவு முழுவதும் இறங்கும்வரை வாராவாரம். இந்தச் சமயத்தில் ஃபோலிக் அமில மாத்திரை கூடாது, அது ஊசியின் வேலையைக் கெடுக்கும். கர்ப்பிணி என்றாலே அந்த மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுகிறோம், அதனால் சொல்கிறேன். ஊசிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதமாவது அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

வெடித்துவிட்டால் ஆபரேஷன்தான். 1883இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் என்ற மருத்துவர் வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். இன்று பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் போட்டே முடித்துவிடுகிறார்கள். ஒரு குழாயை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பிள்ளை உண்டாகும். நெகட்டிவ் ரத்தப்பிரிவுப் பெண்களுக்கு ஆன்டி-டி ஊசி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருமுறை இப்படி ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு மறுபடி வரலாம். எனவே அடுத்த முறை நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் சொல்லி, ஆறேழு வாரத்திலேயே ஸ்கேன் பாருங்கள். பழைய ஆபரேஷன் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பக்கக் குழாயை எடுத்தார்கள் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.