எழுதப்படாத காயங்கள்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

செவிலியர் பயிற்சி பெறும் நம் பிள்ளைகளுள் சிலர் நாளை கடல் கடந்தும் பணிக்குச் செல்லக்கூடும். ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் இந்தியாவில் பிறந்தோர் பலர் இன்று பணிபுரிகின்றனர். ஆகவே, அப்பணியிலுள்ள ஓர் இடரையும் அதற்குக் கல்வி தரும் காப்பையும் குறித்துப் பேச விழைகின்றோம்.

முதியோரைக் குளிப்பாட்டுவோரும் உடை மாற்றுவோரும் அடி, கடி, கீறல், வசைமொழி ஆகியவற்றுக்கு ஆளாகின்றனர். மறதிநோயுற்ற முதியவர் பெரும்பாலும் பகைமையால் அடிப்பதில்லை. வலியினாலோ, முன்பின் அறியாதவர் தம் ஆடையைக் களைகின்றார் என்னும் அச்சத்தினாலோ கையை ஓங்குகின்றார். அவரை வெறுப்பதும் தகாது. அடிபட்டவர் வாய்மூடி இருப்பதும் தகாது. "நோயாளிதானே, பொறுத்துக்கொள்" என்று சொல்லப்படும்போது அக்காயம் ஏட்டில் ஏறாமலே போகின்றது. நிரந்தர வேலை இல்லாதவரோ, பழி தம்மேல் விழுமென்று அஞ்சி மேலும் எளிதில் மௌனமாகின்றார்.

ஆஸ்திரேலியாவில் 2018இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2021இல் இறுதி அறிக்கை அளித்தது. அவ்வாண்டு ஏப்ரலில், இல்லவாசிகளுக்கு நேரும் தீங்குகளை அரசுக்குத் தெரிவிக்கும் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது முதியோரைக் காக்க எழுந்த நல்ல திட்டம். ஆனால், பணியாளர் பட்ட அடி அதன் கணக்கில் சேராது. அதற்குத் தனி ஏடு வேண்டும்.

அவ்வேட்டில் நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, உடனிருந்தோர் தொகை ஆகியன இடம்பெற வேண்டும். அதனைப் பணிமுறைப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் உண்மை வெளிப்படும். மாலைக் குளியலின்போதே தாக்குதல் மிகுந்து, அப்பொழுது ஒருவரே பணியில் இருந்தாரெனில், குறை அப்பணியாளரிடம் இல்லை. பணி ஒழுங்கில் உள்ளது. இருவரை அமர்த்தலாம், குளியல் நேரத்தை மாற்றலாம், முதியவர்க்கு வலி உண்டா என்று ஆராயலாம்.

இரண்டு இல்லங்களை ஒப்பிடுவோர் தாக்குதல்களின் தொகையை மட்டும் பார்த்தல் ஆகாது. பணிபுரிந்த மணிகளால் அதனை வகுத்துப் பார்த்தல் வேண்டும். வெற்றேடு உள்ள இல்லமே பாதுகாப்பானது என்றும் எண்ணற்க. பணியாளர் அச்சம் நீங்கி எழுதத் தொடங்கினால், முதலில் எண்ணிக்கை உயரும். அதனைக் கண்டு அஞ்சும் நிருவாகம் மீண்டும் மௌனத்தையே வளர்க்கும்.

2019 ஜூனில் ஜெனீவாவில், வேலையிடத்து வன்முறைக்கு எதிரான 190ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்றது. உடன் ஏற்கப்பட்ட 206ஆம் பரிந்துரை, இத்தகைய புள்ளிவிவரங்களைத் திரட்டி வெளியிடுமாறு நாடுகளை வேண்டுகின்றது. ஆஸ்திரேலியா அவ்வுடன்படிக்கையை 2023இல் உறுதிசெய்தது.

இளைஞர்களே! பிறர் காயத்துக்கு மருந்திடக் கற்கும் நீங்கள், உங்கள் காயத்தை எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். எழுதிய ஏட்டை எண்ணவும், எண்ணியதைக் காட்டி உரிமை கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நாம் பெற்ற கல்வி அதற்கும் பயன்பட வேண்டும்.