இடக்கரடக்கலும் உடற்கூற்றுச் சொற்களும்



மொழியியல் பயின்ற ஒருவன் சிறுநீர்ப்பையைப் பற்றியும் மலக்குடலைப் பற்றியும் பேச வந்திருப்பது உங்களுள் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். அதற்குரிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த என் பாட்டிக்கு உடல்நலம் கெட்டது. மலாய் தெரிந்தவன் என்பதால் என்னையே மொழிபெயர்ப்பாளனாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் கேட்டார், நான் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி தலையைக் குனிந்துகொண்டு, "அடிவயிறு ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லு ராசா" என்றார். நான் "சாக்கிட் பெருட்" என்றேன். வயிற்றுவலி மருந்து கிடைத்தது. அடுத்த மாதமும் அதே சொல், அதே மருந்து. மூன்றாம் முறை, உடன் வந்த பக்கத்து வீட்டு அத்தை என்னை வெளியே அனுப்பிவிட்டு, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் உண்மையைச் சொன்னார். பாட்டிக்குச் சிறுநீரில் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. சிறுநீர்ப்பையில் கல். அறுவை செய்து எடுத்தார்கள்; பிழைத்துக்கொண்டார். "உன் மேல குத்தம் இல்ல ராசா, எனக்குத்தான் வாய் வரல" என்று பிற்காலத்தில் சொல்வார். அந்தச் சொல்லே இன்றைய உரையின் வித்து. அவர்க்கு வாய் வராமற்போனது ஏன்? சொல் இல்லாமையாலா? சொல்ல நாணியதாலா? எனக்கு மலாய் தெரிந்திருந்தும் பயனற்றுப்போனது ஏன்?

முதலில் உறுப்புகளை வரிசையாகக் காண்போம். முதுகுப்புறத்தில் விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி இருபுறமும் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 செ.மீ. நீளமுடையது. இவை இரத்தத்தை வடித்துக் கழிவைப் பிரிக்கின்றன. பிரிந்த நீர், 25 முதல் 30 செ.மீ. வரை நீளமுள்ள இரண்டு மெல்லிய குழாய்களின் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. சிறுநீர்ப்பை இடுப்புக்கூட்டினுள், முன்புற எலும்பின் பின்னே அமைந்தது. 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். அதிலிருந்து வெளியே செல்லும் வழி ஒன்றே. பெண்களுக்கு அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 4 செ.மீ.; ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. பெண்களை நீர்க்கடுப்பு மிகுதியாகத் தாக்குவதற்கு இக்குறுகிய நீளமே முதன்மையான காரணங்களுள் ஒன்று; நுண்ணுயிர் எளிதில் மேலேறிவிடுகிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் அவ்வழியைச் சூழ்ந்து புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. முதுமையில் அது பருக்கும்போது வழி நெருக்கப்பட்டு, நீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது.

செரிமானப் பாதையின் கீழ்ப்பகுதிக்கு வருவோம். ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடல், அடிவயிற்றின் வலப்புறத்தில் தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாகக் கீழிறங்குகிறது. அதன் தொடக்கத்தில் தொங்குவது குடல்வால். முடிவில், திரிக எலும்பின் வளைவை ஒட்டி அமைந்தது மலக்குடல். அதன் நீளம் 12 முதல் 15 செ.மீ. கடைவாயிலாகிய குதத்தை இரண்டு சுருக்குத் தசைகள் காக்கின்றன. உள்ளே இருப்பது நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதது. வெளியே இருப்பது கட்டுப்படுவது. மலக்குடலுக்கு முன்னே ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் உள்ளன; பெண்களுக்கு இடையில் கருப்பையும் யோனியும் அமைந்துள்ளன. இவ்வளவு நெருக்கமாக உறுப்புகள் அமைந்த இடத்தில் "அடிவயிறு ஒரு மாதிரி" என்னும் சொற்றொடர் மருத்துவர்க்கு எதை உணர்த்தும்?

இனி மொழிக்கு வருவோம். நம் வழக்கில் மூன்று இடர்கள் உள்ளன.

முதலாவது, ஒரு சொல் பல பொருளைச் சுட்டுவது. "வயிறு" என்பது இரைப்பையையும் குறிக்கிறது; விலாவுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதையும் குறிக்கிறது. "வயிற்றால் போகிறது" என்றால் கழிச்சல். நான் சொன்ன மலாய்ச் சொல்லும் அத்தகையதே. பெருட் என்பதும் வயிறு முழுவதையும் தழுவும். ஆகவே நான் செய்த மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, மூலத்திலேயே தெளிவில்லை.

இரண்டாவது, இரண்டு உறுப்புகளுக்கு ஒரே பெயர். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயையும், பையிலிருந்து வெளியே செல்லும் வழியையும் நம்மிற் பலர் "சிறுநீர்க்குழாய்" என்றே சொல்கிறோம். மேற்குழாயில் கல் சிக்கினால் விலாவிலிருந்து தொடையிடுக்கு நோக்கி வலி பாயும். கீழ்வழி அடைபட்டால் பை நிரம்பி நீர் இறங்காது. இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் வேறு வேறு மருத்துவம். ஆதலின் மேலுள்ளதைச் சிறுநீர் நாளம் என்றும், கீழுள்ளதைச் சிறுநீர்ப் புறவழி என்றும் வேறுபடுத்தி வழங்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். வேறு சொற்களை நீங்கள் தேர்ந்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் நெறி மட்டும் பிறழலாகாது.

மூன்றாவது, சொல்லின் உருவம் தரும் மயக்கம். "அகம்" என்றால் வீடு. ஆகவே சிறுநீரகம் என்றதும், சிறுநீர் தங்கும் இடம் என்று மாணவர் எண்ணிவிடுகின்றனர். தங்கும் இடம் பை. உண்டாகும் இடமே சிறுநீரகம். இதனை ஒரு வரியில் சொல்லிக் கொடுத்தால் மயக்கம் தீர்ந்துவிடும்.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டார் மலக்குடலுக்கு இட்ட ரெக்டம் என்னும் இலத்தீன் பெயருக்கு "நேரானது" என்பது பொருள். விலங்குகளை அறுத்துக் கண்ட பழைய மருத்துவர்கள் இட்ட பெயர் அது. மனிதரிடத்தில் அவ்வுறுப்பு நேராக இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இடுப்புக்கூட்டுக்கு அவர்கள் "கிண்ணம்" என்னும் பொருளில் பெல்விஸ் எனப் பெயரிட்டனர். இலங்கைத் தமிழில் வழங்கும் கூபகம் என்னும் சொல்லோ, கிணறு எனப் பொருள்படும் கூபத்திலிருந்து வந்தது. வால் எலும்புக்குக் கிரேக்கர் குயிலின் பெயரைச் சூட்டினர். அதன் வடிவம் குயிலின் அலகை நினைவூட்டியதே காரணம். நம் முன்னோர் சிறுநீரகத்தைக் குண்டிக்காய் என்றனர். மலாய்க்காரர் அதனைப் புவா பிங்காங், அதாவது இடுப்பின் கனி என்கின்றனர். இரு மொழியினரும் ஒரே உறுப்பில் ஒரு காயையே கண்டிருக்கின்றனர். நீரிழிவை நம் தோட்டத்து மக்கள் "இனிப்பு நீர்" என்பதும், மலாயில் அது கெஞ்சிங் மானிஸ் என வழங்குவதும் இத்தகைய ஒப்புமையே. குண்டிக்காய் என்னும் சொல்லைக் கேட்டு இன்று மாணவர் நகைக்கின்றனர். அது இழிசொல் அன்று, நம் பழஞ்சொல்.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர்க்கு யாழ்ப்பாணத்து வரலாறு விடை கூறும். 1822இல் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்க்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயரில் தமிழில் கிடைத்தது. அதற்கு முன்பே, 1867இல், "இரண வைத்தியம்" வெளிவந்துவிட்டது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் தமிழ்ப்பணியை விடவில்லை. "மனுஷ சுகரணம்" 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். முதலில் தமிழில் சொல் தேடுவது, இல்லையேல் வடமொழியில் தேடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை. அவர் ஆக்கிய சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் சிறுநீர்ப்பையை அறுக்கவும் தைக்கவும் வேண்டிய அறிவைத் தமிழில் கற்று மருத்துவரானோர் இருந்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை.

ஆகவே சொல் இல்லை என்பது காரணம் ஆகாது. எஞ்சியிருப்பது நாணம். இங்கே இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கிறேன். நன்னூல் தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலையும் வைத்தது. "கால் கழுவி வந்தான்" என்னும் எடுத்துக்காட்டை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அவையில் சொல்லத் தகாதவற்றை மறைத்துச் சொல்லுமாறு தொல்காப்பியமும் பணிக்கிறது. ஆயினும் அதற்கு அடுத்தே, வழக்கில் மருவி நிலைத்துவிட்ட சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்று அந்நூல் விலக்கும் தருகிறது. ஆப்பி, யானை இலண்டம் முதலியவற்றை உரையாசிரியர் அதற்குச் சான்றாகக் காட்டுவர். மாட்டின் சாணத்தையும் யானையின் கழிவையும் வெளிப்படக் கூற இடந்தந்த மொழி, நோயுற்ற ஒரு தாயின் வாயை அடைக்குமா? இடக்கரடக்கல் அவைக்கு உரியது. மருத்துவர் அறை அவையன்று. இடமறிந்து மறைப்பது எவ்வளவு பண்போ, இடமறிந்து வெளிப்படக் கூறுவதும் அவ்வளவு பண்பே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடற்கூற்றுப் பாடம் வரும்போது இப்பகுதியை விரைந்து கடந்து செல்லாதீர்கள். சிறுநீர்ப்பை, மலக்குடல், குதம் என்னும் சொற்களைக் கை, கால், மூக்கு என்பதைப் போன்ற குரலிலேயே சொல்லுங்கள். நீங்கள் நகைக்காவிடில் மாணவரும் நகையார். தமிழ்ச் சொல்லின் அருகே மலாய்ச் சொல்லையும் எழுதச் செய்யுங்கள். நாளை அவர்கள் மருத்துவரிடம் பேசப்போவது அம்மொழியில்தான்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். அவர்களுக்காக மொழிபெயர்க்கும் வேளை உங்களுக்கும் வரும். சிறுநீரில் இரத்தம், மலத்தில் இரத்தம், நீர் இறங்காமை, நெடுநாள் மாறிய மலப்போக்கு இவற்றுள் எதனையும் "வயிற்றுவலி" என்று சுருக்கிவிடாதீர்கள். எங்கே, எப்போது, என்ன நிறம், எத்தனை நாள் என்று கேட்டறிந்து உள்ளபடி சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல அவர்கள் நாணினால், அவர்கள் நாணாமல் சொல்லக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை செய்தது அதைத்தான். அவர் பள்ளிக்கே சென்றதில்லை. எந்தச் சொல்லை எங்கே சொல்ல வேண்டும் என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது.