கரையில் கற்போம், கடலைக் காப்போம்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது நன்றி கூறும் காலம். கோயிலுக்கு வெள்ளையடித்து, கொடியேற்றி, தேர் இழுத்து மகிழும் காலம். ஆனால் பழைய ஏற்பாட்டிலே யூபிலிக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஐம்பதாம் ஆண்டிலே நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கடன்பட்டு நிலத்தை இழந்தவனுக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது மோசே வழி வந்த கட்டளை. நிலத்துக்குச் சொன்னது கடலுக்குப் பொருந்தாதா? இந்தக் கேள்வியோடு தொடங்குகிறோம்.

மூன்று மாதங்களுக்கு முன் நம் கரையில் எழுந்த சச்சரவை எல்லோரும் அறிவீர்கள். கண்ணி சிறுத்த வலையால் குஞ்சு மீனெல்லாம் போகிறது என்று தூண்டில்காரர்கள் சொன்னார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் வட்டிக்கும் வேறு வழி என்ன என்று வலைக்காரர்கள் கேட்டார்கள். இரு சாராரும் பங்குமனைக்கு வந்தார்கள். “சாமி, ஞாயிற்றுக்கிழமை பூசையிலே நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிவிடுங்கள்” என்றார்கள். அன்று நாம் பதில் சொல்லவில்லை. சிலருக்கு அது வருத்தமாயிருந்தது என்பதையும் அறிவோம். ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் பீடத்திலிருந்து குருவானவர் சொன்னதே கரையிலே சட்டம். அதனால் நன்மை விளைந்ததும் உண்டு. ஆனால் பிறர் சொன்னதற்காகக் கீழ்ப்படிகிறவன், சொன்னவர் மாற்றலாகிப் போனதும் மறந்துவிடுகிறான். தானே ஆராய்ந்து கண்ட உண்மையை எவனும் எளிதில் மறப்பதில்லை.

இதை நாம் ஒரு தவற்றின் வழியாகவே கற்றோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக 300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், அல்லது திரும்பி வரவேயில்லை. அப்போது நாம் பணிபுரிந்த பங்கிலே பாதுகாப்பு வகுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். பட்டணத்திலிருந்து படித்தவர்கள் வந்தார்கள். படங்கள் காட்டி இரண்டு மணி நேரம் பேசினார்கள். நமக்கு மிகுந்த திருப்தி. மறுவாரம் ஒரு முதியவரிடம், “வகுப்பு எப்படி?” என்று கேட்டோம். அவர் சொன்னார்: “நல்லாத்தான் பேசினாங்க சாமி. ஐம்பது வருசமா கச்சானையும் வாடையையும் பார்த்துக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு கேள்விகூட எங்ககிட்ட கேக்கலையே!”

அந்த வார்த்தை நம்மைச் சுட்டது. குருமடத்தில் படித்த நாட்களில், பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கருத்துகளை வாசித்திருந்தோம். வங்கியிலே பணம் போடுவதுபோல ஆசிரியர் அறிவைப் போட, மாணவர் வாங்கி வைத்துக்கொள்வது கல்வியாகாது என்று அவர் 1968-லேயே எழுதினார். தேர்விலே அதை எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். நடைமுறையிலோ மறந்துபோனோம்.

அன்பர்களே, நம் மக்களிடம் இருக்கும் அறிவு சிறிதல்ல. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் தூரத்து மலைமுகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை ஒன்றாக்கி, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடிப் பார் இருப்பதைச் சொல்லும் கணிச்சத்தை எந்தக் கல்லூரி கற்றுத் தந்தது? தலைச்சுமையாய் மீன் விற்கும் தாய்மார்களுக்கு, எந்த மாதத்தில் எந்த மீன் சிறுத்து வருகிறது என்பது கூடையைத் தூக்கும்போதே தெரியும். அதேவேளையில், ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும் மீன் கூடும் இடங்களையும் முன்கூட்டியே அறிவிக்கிறது. இதை வேண்டாம் என்பதும் அறியாமையே. இரண்டு அறிவும் ஒரே பாயில் அமர்ந்து பேச வேண்டும்.

அப்படிப் பேசியதற்கு நம் மாவட்டமே சாட்சி. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி, விலையும் ஏறிய காலத்தில், முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டும் முயற்சி நடந்தது. பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே அதில் ஈடுபட்டு, அந்த அனுபவத்தை 1985-இல் ஒரு நூலாகவும் எழுதினார். சிறிய படகுதான், ஆனால் வேலை எளிதாக இருக்கவில்லை. காகிதத்தில் வரைந்த படகு நம் கரையின் அலையை வெட்டிக் கரையேற வேண்டுமே! ஓட்டிப் பார்த்தவர்கள் குறை சொல்ல, கட்டியவர்கள் திருத்த, இப்படித்தான் அந்தப் படகு நம்முடையதாயிற்று. 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இத்தகைய படகுகளைக் கரையெங்கும் பரப்பிற்று.

“பெரிய விசைப்படகுகள் மடியடித்து அள்ளும்போது எங்களைமட்டும் ஏன் கட்டுப்படுத்துகிறீர்கள்?” என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கரையோரக் கடலைச் சிறு தொழிலாளர்களுக்குக் காக்கவே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கேரளத்தில் மீனவர்களும், அவர்களோடு குருக்களும் கன்னியர்களும் போராடிய பின்னரே 1988-இல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. நம் மாவட்டத்திலோ இரண்டு கடல், இரண்டு தடைக்காலம்: கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த உரிமைகளுக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். ஆனால் நம் கையில் கணக்கு இருந்தால்தான் அந்தக் குரலுக்கு வலிமை. நம் வலையில் குஞ்சு மீனை வைத்துக்கொண்டு அடுத்தவன் மடியைக் குறை சொன்னால் யார் கேட்பார்?

ஆகவே இந்த யூபிலி ஆண்டிலே ஒரு கற்றல் வட்டத்தைத் தொடங்குவோம். வாரம் ஒருமுறை, கடலுக்குப் போகாத மாலையில், பங்கு அரங்கில் கூடுவோம். அங்கே மேடை வேண்டாம், வட்டமாக அமர்வோம்.

முதலாவது, பெரியவர்கள் சொல்லச் சொல்ல, கல்லூரிப் பிள்ளைகள் நம் பார்களின் படத்தை வரையட்டும். எந்தப் பாரில் முன்பு என்ன மீன் கிடைத்தது, இன்று என்ன கிடைக்கிறது என்று குறிக்கட்டும்.

இரண்டாவது, கரைக்கு வரும் சாளையையும் அயிலையையும் தாய்மார்களும் இளைஞர்களும் அளவுகோல் வைத்து அளக்கட்டும். சாளை 10 சென்டிமீட்டருக்கும், அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறையக் கூடாது என்று கேரள அரசு விதித்திருக்கிறது. நம் மீன் எவ்வளவு என்பதை நாமே பார்ப்போம். எவர் வலையில் வந்தது என்று பெயர் எழுத வேண்டாம். வலையின் கண்ணி அளவை மட்டும் எழுதுவோம். எவரையும் குற்றவாளி ஆக்குவது நம் நோக்கமல்ல.

மூன்றாவது, கோயில் முகப்பில் ஒரு பலகை வைப்போம். ஒரு பக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பு, மறுபக்கம் நம் பெரியவர்களின் கணிப்பு. எது பலித்தது என்று மாதக் கடைசியில் பேசுவோம்.

ஓராண்டு கழிந்து, அந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் விரித்து வைத்து, வலைக்கண்ணியைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள். கண்ணியைப் பெரிதாக்குவது என்று தீர்மானித்தால், புதிய வலைக்குப் பணமில்லாத குடும்பத்தை விட்டுவிடக் கூடாது. யூபிலிக்குச் சேர்ந்த காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கும்படி பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறோம். வாணவேடிக்கை ஒரு ஆண்டு குறைந்தால் பாதுகாவலர் கோபிக்கமாட்டார்.

இது நம் ஊரின் ஆசைமட்டுமல்ல. உலக நாடுகள் கூடி 2014-இல் சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டுதல்களை ஏற்றபோது, மீனவர்களின் அறிவை மதித்து அவர்களையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று வலியுறுத்தின. திருச்சபை என்பது இறைமக்கள் சமூகம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நமக்குக் கற்பித்திருக்கிறது. இறைமக்கள் கேட்க மட்டும் பிறந்தவர்களல்லர்.

கெனசரேத்து ஏரிக்கரையில் நம் ஆண்டவர் என்ன செய்தார்? முதலில் சீமோனிடம் படகைக் கேட்டார். மீனவனின் படகில் அமர்ந்துதான் போதித்தார். வலை கிழியும் அளவுக்கு மீன் பட்டபோது, சீமோன் அதைத் தனக்கென்று ஒளிக்கவில்லை. மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தான். இரண்டு படகும் நிறைந்தது.

தூண்டில்காரர் படகும் வலைக்காரர் படகும் நம் கரையில் அருகருகேதான் கிடக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை மாலை செபமாலை முடிந்ததும் அரங்கின் கதவு திறந்திருக்கும். பாய் விரித்து வைப்போம். நாமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, கற்றுக்கொள்ள வந்தவராய் அமர்ந்திருப்போம். ஆண்டவர் உங்கள் அனைவரையும், உங்கள் தொழிலையும் ஆசீர்வதிப்பாராக.