உயர்ந்த ஜாதி பெட்ரோல்

(மோட்டார் ஓட்டுவோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நான் சாமியைப் பற்றியும், சாஸ்திரத்தைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும் பேசுவேன் என்று எண்ணி நீங்கள் வந்திருக்கலாம். ஆனால் இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் மோட்டார் ஓட்டுகிற தோழர்களானதால், அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்ட விஷயம் வேறு. அதாவது, பெட்ரோல் பங்குகளில் சாதாரணப் பெட்ரோல் என்று ஒன்றும், அதற்குமேல் விலை வைத்து உயர் ரகப் பெட்ரோல் என்று ஒன்றும் விற்கிறார்களே, அந்த அதிகப் பணத்தைக் கொடுத்து உயர் ரகத்தை நம் காருக்குப் போடுவதால் லாபமுண்டா இல்லையா என்பதாகும். இது என்ன பெரிய சங்கதி என்று முதலில் நானும் அலட்சியமாகத்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில் சாமி, சாஸ்திரம், ஜாதி ஆகிய மூன்றும் இந்தப் பெட்ரோலுக்குள்ளேயே கரைந்து கிடக்கின்றன என்று தெரிந்தது. (சிரிப்பு)

என்னை இங்கு அழைத்து வந்த தோழர் ஒரு வாடகைக் கார் வைத்திருப்பவர். கார் கடனில் வாங்கியது. வழியில் ஒரு பங்கில் நிறுத்தினார். அங்கிருந்த பையன், “அண்ணா, வழக்கம்போல உசந்ததுதானே?” என்று கேட்டான். இவரும் தலையை ஆட்டினார். நான் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். பின் டயர் இரண்டும் என் தலையைப் போலவே வழுக்கை. “ஏனப்பா, டயர் மாற்றக்கூடாதா?” என்றேன். “அதற்குப் பணம் ஏது ஐயா?” என்றார். “பெட்ரோலுக்கு மட்டும் அதிகம் கொடுக்கிறாயே?” என்றால், “இஞ்சினுக்கு நல்லது ஐயா, சோறு போடுகிற வண்டிக்கு மட்டமானதை ஊற்ற மனம் வரவில்லை” என்கிறார். தோழர்களே, இந்த மனம் இருக்கிறதே, இது நல்ல மனம்தான். தாயைப் போலப் பாவித்து வண்டிக்குச் செய்கிறார். ஆனால் நல்ல மனதைப் பிடித்துத்தான் எல்லாப் புரோகிதமும் பிழைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சாதாரணப் பெட்ரோல் 100 ரூபாய், உயர் ரகம் 108 ரூபாய் என்று கணக்குச் சௌகரியத்திற்காக வைத்துக்கொள்ளுவோம். அவர் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் போகிறது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது. வருஷத்திற்கு 36,000 கிலோமீட்டர், அதாவது 2,000 லிட்டர். லிட்டருக்கு 8 ரூபாய் வீதம் 16,000 ரூபாய் ஆகிறது. அந்தச் சிறிய வண்டிக்கு ஒரு டயர் நாலாயிரம் ரூபாய் என்று அவரே சொன்னார். ஆகவே வருஷம் நாலு புது டயரை அவர் டாங்கிக்குள் ஊற்றி எரித்துக்கொண்டிருக்கிறார். வழுக்கை டயரில் மழைக்காலத்தில் அவரும், அவரை நம்பி ஏறுகிறவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த அதிகப்படிச் செலவு ஈடாக வேண்டுமானால், 18 கிலோமீட்டர் போகும் வண்டி உயர் ரகத்தில் ஏறக்குறைய பத்தொன்பதரைக் கிலோமீட்டர் போயாக வேண்டும். போகிறதா? “அளந்து பார்த்தாயா?” என்றேன். “அளக்கவில்லை, ஆனால் வண்டி ஸ்மூத்தாகப் போகிறது” என்றார். கோயிலுக்குப் போய்வந்தால் மனசு லேசாக இருக்கிறது என்று சொல்லுகிறார்களே, அந்த மாதிரிதான் இதுவும்.

நிற்க, உயர் ரகம் என்பது என்னவென்று பார்ப்போம். பங்கில் 91 என்றும், 95 என்றும், 100 என்றும் சொல்லப்படுகிற எண்ணுக்கு ஆக்டேன் எண் என்று பெயர். இதைச் சக்தியின் அளவு என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நூறு என்றால் பலம் அதிகம், தொண்ணூற்றொன்று என்றால் பலம் குறைவு என்று பரீட்சை மார்க்கைப் போல நினைக்கிறோம். வாஸ்தவம் அப்படியல்ல. இஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வந்து, பிஸ்டனால் அழுத்தி நசுக்கப்பட்டு, பிறகு பிளக்கில் பொறி தட்டியவுடன் எரிகின்றன. எந்த வாயுவையும் அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தச் சூட்டில், பொறியிலிருந்து புறப்பட்ட நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் கிடக்கும் ஆவி தானாகப் பற்றி வெடித்துவிட்டால் ‘டக டக’ என்று சத்தம் வரும். அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். அது இஞ்சினுக்குக் கெடுதல். இந்தப்படி அவசரப்பட்டு வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் குணத்தின் அளவுதான் ஆக்டேன் எண். ஐஸோ ஆக்டேன் என்ற திரவத்திற்கு 100 என்றும், ஹெப்டேன் என்ற திரவத்திற்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, பரீட்சை இஞ்சினில் ஓட்டிப் பார்த்து இந்த எண்ணைத் தருகிறார்கள். 91 என்றால், முன்னது 91 பங்கும் பின்னது 9 பங்கும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று அர்த்தம். ஆகவே அந்த எண் பொறுமையின் எண்ணே தவிர, பலத்தின் எண் அல்ல.

அதிகமாக அழுத்துகிற இஞ்சினுக்கும், டர்போ வைத்து மேலும் காற்றைத் திணிக்கிற சில இஞ்சின்களுக்கும் பொறுமை அதிகமுள்ள பெட்ரோல் வேண்டியிருக்கிறது. அவ்வளவு அழுத்தாத இஞ்சினுக்கு 91-லேயே நாக்கிங் வராதென்றால், 95-ஐப் போட்டு அதற்கு ஆகப் போவதென்ன? பத்து மூட்டை தாங்கும் வண்டியில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு, இருபது மூட்டை தாங்கும் வண்டிக்கு வாடகை கொடுப்பது போன்றதுதான். உங்கள் காருக்கு எது வேண்டும் என்பதை எந்தப் பங்குக்காரனையும் கேட்க வேண்டியதில்லை. வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தில் அச்சடித்திருக்கிறது. பல வண்டிகளில் பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கிறது. நாம் தினம் திறந்து மூடுகிற கதவு அது. படிக்கத்தான் மாட்டோம்.

இன்னொரு வேடிக்கை என்னவென்றால், முன்பு இந்நாட்டில் சாதாரணப் பெட்ரோலின் எண் 88 ஆக இருந்தது. பின்பு 91 ஆயிற்று. 20 பங்கு எத்தனால் கலந்தபின் அது 95-க்கு உயர்ந்துவிட்டதாக 2025-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் பெட்ரோலிய இலாகாவே அறிக்கை வெளியிட்டது. எத்தனாலுக்குப் பொறுமைக் குணம் அதிகம் என்பதே காரணம். அப்படியானால் 95 என்பதற்காகவே அதிகம் கொடுத்துவந்தவர் இப்போது எதற்காகக் கொடுக்கிறார்? எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதும் உண்மை. ஆதலால் கலப்பினால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எண் உயர்ந்தது, சக்தி குறைந்தது! எண் வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? “அதனால்தான் நான் உயர் ரகத்துக்குப் போகிறேன்” என்று சிலர் சொல்லுகிறார்கள். விலை உயர்ந்தது என்பதனால் மட்டும் ஒரு பெட்ரோல் எத்தனால் கலவாததாகிவிடாது. அதை எழுத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இந்த உயர் ரகத்தின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிசாலையில் தாமஸ் மிட்ஜிலி என்பவர், ஈயச் சத்து ஒன்றைத் துளி கலந்தால் நாக்கிங் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். 1923-இல் ஒஹையோ மாகாணத்தில் டேட்டன் என்ற ஊரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு ‘எதில்’ என்று அழகான பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது. ஏனெனில் ஈயம் விஷம் என்பது அப்போதே உலகத்துக்குத் தெரியும். அடுத்த வருஷமே, அதாவது 1924-இல், நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளிகள் சித்தம் கலங்கினார்கள். ஐந்து பேர் செத்தார்கள். மிட்ஜிலி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார்! தீச்சட்டி எடுத்துக் காட்டுகிற பூசாரிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்தச் சரக்கு நாக்கிங்கை நிறுத்தியது வாஸ்தவம். சொன்ன வேலையைச் செய்தது. சொல்லாத வேலையையும் செய்தது. உலகமெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தைச் சேர்த்தது. இந்தியாவில் 2000-ஆம் வருஷத்தில்தான் ஈயப் பெட்ரோல் நின்றது. கடைசியாக அல்ஜீரியா தேசத்தில் 2021-இல் நின்றது. நூறு வருஷம்! இப்போதைய உயர் ரகத்தில் அப்படி விஷமிருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. உயர்ந்த பெயரைக் கேட்டதும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற புத்தி போய்விடுகிறதே, அதற்காகச் சொன்னேன்.

அதே அமெரிக்காவில், மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கென்றே இருக்கும் ஏ.ஏ.ஏ. என்ற சங்கம் 2016-இல் இதைப் பரிசோதனை செய்தது. சாதாரணம் போதும் என்று தயாரித்தவர்களே சொன்ன வண்டிகளில் உயர் ரகத்தை ஊற்றி ஓட்டிப் பார்த்ததில், பலத்திலோ மைலேஜிலோ புகையிலோ சொல்லத்தக்க நன்மை யாதொன்றும் காணவில்லை. தேவையில்லாமல் ஊற்றியவர்கள் ஒரு வருஷத்தில் வீணாக்கியது சுமார் 210 கோடி டாலர் என்றும் கணக்குச் சொல்லிற்று. பிறகு 2017-இல், உயர் ரகம் போட்டால் நல்லது என்று தயாரிப்பாளரே சிபாரிசு செய்யும் வண்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். அதிலும் சராசரியாக மைலேஜ் கூடியது 2.7 சதவிகிதம்தான். அந்த விகிதத்தை நம் தோழருடைய வண்டிக்கே கொடுத்தாலும் அரைக் கிலோமீட்டர், வேண்டியதோ ஒன்றரை. அவர்கள் பங்கில் எழுதியிருக்கும் 87 என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அளக்கிற கணக்கு வேறு. அவர்கள் 87-ம் நம்முடைய 91-ம் கிட்டத்தட்ட ஒன்றே.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், அங்கேதான் ஜாதி வருகிறது. ஒன்றுக்குச் ‘சாதாரணம்’ என்று பெயர் வைத்து, மற்றொன்றுக்கு ‘பவர்’, ‘ஸ்பீட்’ என்று பெயர் வைத்தால், எவன்தான் நாலு பேர் முன்னால் சாதாரணம் என்று வாயால் சொல்லுவான்? அதிலும் தலைமுறை தலைமுறையாக மட்டமானவன் என்று சொல்லப்பட்டவன், முதன்முதலாக ஒரு கார் வாங்கி, பங்கில் கண்ணாடியை இறக்கும்போது, “உசந்தது போடட்டுமா சார்?” என்று கேட்டால் வேண்டாமென்று சொல்ல நாக்கு எழுமா? கோயிலில் தர்ம தரிசனம் ஒரு வரிசை, சிறப்பு தரிசனம் ஒரு வரிசை. உள்ளே இருப்பதோ ஒரே கல். காசு கொடுத்தவனுக்கு மட்டும் கூட இரண்டு கண்ணா தெரிகிறது? ஆயுத பூசைக்கு நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அதற்காவது வருஷம் ஒரு நாள் நாலு பழத்தோடு செலவு முடிந்துவிடுகிறது. 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தபோது லிட்டர் 160 ரூபாய், அதாவது சாதாரணத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. பந்தய வண்டிக்கும், பல லட்சத்து இறக்குமதி வண்டிக்கும் அது வேண்டியிருக்கலாம். அதைச் சாதாரண வண்டியில் ஊற்றிவிட்டு இஞ்சின் கர்ஜிக்கிறது என்றவர்களும் உண்டு.

உயர் ரகத்தில் இஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழுக்கைக் கரைக்கும் அப்படிப்பட்ட சரக்குகள் உண்டு. அவை வேலை செய்வதும் உண்டு. இதை மறுப்பது பகுத்தறிவாகாது. ஆனால் அது ஆக்டேனோடு சம்பந்தப்பட்டதல்ல. காலத்தில் ஆயில் மாற்றி, காற்று பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்கிற வண்டிக்கு அதற்காக லிட்டருக்கு லிட்டர் வரி கட்ட வேண்டுமா என்பதே கேள்வி.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தன் பழைய வண்டி மேட்டில் ஏறும்போது டக டக என்கிறதாம்; உயர் ரகம் போட்டால் நின்றுவிடுகிறதாம். தோழரே, நீங்கள் காதால் கேட்டுப் பார்த்துச் செய்கிறீர்கள். உங்களுக்கு அது லாபம், போடுங்கள். ஆனால் உள்ளே கரி படிந்திருக்கலாம். பொறி தட்டும் நேரம் தவறியிருக்கலாம். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டினால் ஒருக்கால் செலவே நின்றுபோகும்.

நான் சொன்னதற்காக நீங்கள் நம்பவேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். டாங்கியைக் கழுத்து வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் அதே பங்கில் கழுத்து வரை நிரப்பி லிட்டரைக் குறியுங்கள். மூன்று டாங்கி ஒன்று, மூன்று டாங்கி மற்றொன்று. எது ஊற்றியது என்பது உங்களுக்குத் தெரியக்கூடாது. கூட்டாளி ஊற்றி, அவரே சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டி முடித்து, எது எந்த ரகம் என்று நீங்கள் சொன்ன பிறகு சீட்டைப் பிரியுங்கள். நம் வாடகைக் கார் தோழர் இதற்குச் சம்மதித்திருக்கிறார். கணக்கை அடுத்த கூட்டத்தில் அவர் வாயாலேயே கேளுங்கள், என் கட்சிக்கு விரோதமாக இருந்தாலும் சரி.

மேற்கே வானம் கருத்திருக்கிறது. அந்தப் பின் டயர்களை நம்பித்தான் நானும் ஊர் திரும்ப வேண்டியிருப்பதால், மழைக்கு முன் புறப்பட உத்தரவு கேட்டுக்கொள்ளுகிறேன்.