கணக்குக் கேட்ட ரசிகர்கள்



கைதட்டுவதும் சட்டை வாங்குவதும் தோற்ற அன்று சோறு இறங்காமல் கிடப்பதும்தான் ரசிகன் வேலை என்று பணம் போட்டவர்கள் நினைக்கிறார்கள். கணக்குக் கேட்பதும் ரசிகன் வேலைதான் என்று காட்டிய ஓர் ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த ஊர் இங்கிலாந்தின் லிவர்பூல்.

2007 பிப்ரவரியில் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கச் செல்வந்தர்கள் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தை வாங்கினார்கள். கழகத்தின் தலையில் கடன் ஏறாது என்றார்கள். அறுபது நாளில் புது மைதானத்துக்கு வேலை தொடங்கும் என்றார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்தது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்திடம் வாங்கிய கடன். அவர்கள் காலத்தில் புது மைதானம் எழவே இல்லை.

2008 ஜனவரியில் அந்தக் கடனைப் புதுப்பித்தார்கள்: 35 கோடி பவுண்டு! அதே மாதம் கழகத்தின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்குப் பக்கத்தில், சாண்டன் மதுக்கூடத்தில் ரசிகர்கள் கூடினார்கள். பழைய பயிற்சியாளர் பில் ஷாங்க்லியின் பெயரில் ‘ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி’ என்ற சங்கம் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாட்டில் ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ரசிகர்கள் படித்தார்கள். 2009 ஜூலையோடு முடிந்த ஆண்டில், கழகத்தை வைத்திருந்த தாய் நிறுவனம் வட்டியாக மட்டும் 4 கோடி பவுண்டு கணக்கெழுதியிருந்தது. கொட்டும் மழையில் நின்று பாட்டுப் பாடியவன் கொடுத்த டிக்கெட் காசு எந்த வழியாகப் போகிறது என்று ஊருக்கே விளங்கிவிட்டது.

2010இல் கடனுக்குக் கெடு நெருங்கியது. ஹிக்ஸ் புதிதாகக் கடன் கொடுப்பவர்களைத் தேடி ஓடினார். எந்த நிறுவனத்தின் பெயர் வெளியே வந்தாலும், அதன் அதிகாரிகளுக்கு ரசிகர்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் பறந்தது: ‘இவருக்குக் கடன் கொடுக்காதீர்கள்.’ ஹிக்ஸ் அதை இணையப் பயங்கரவாதம் என்றார். என் கழகத்தை அடகு வைக்காதே என்று கடிதம் எழுதுவதா பயங்கரவாதம்? கழகத்தை விற்பது பற்றிய வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. அக்டோபர் 15 அன்று கழகம் 30 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. வங்கிதான் கழுத்தைப் பிடித்தது, உண்மை. ஆனால் ஹிக்ஸ் தப்பிக்கும் வாசல்களில் எல்லாம் காவல் நின்றவர்கள் ரசிகர்கள்.

புது முதலாளி வந்துவிட்டார் என்று அவர்கள் தூங்கிவிடவில்லை. 2016இல் மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்டு ஆகும் என்று அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 6, சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை. சரியாக 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள்! ஜெயித்துக்கொண்டிருக்கும் தன் அணிக்கு முதுகைக் காட்டுவது ரசிகனுக்கு எவ்வளவு வலி என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உச்ச விலை 59 பவுண்டிலேயே நின்றது.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. கழகத்தை வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க இனி அங்கே சட்டப்படி ஓர் அமைப்பு உண்டு. சாண்டன் மதுக்கூடத்தில் கூடியவர்கள் கேட்ட அதே கேள்வியை இனி அரசு அமைத்த அதிகாரி கேட்பார்.